நில்! கவனி! சைபர்!

"நில்லும் ஜீரோவும் ஒண்ணுதானே சார்?"

2018ம் வருஷம் இந்தக் கேள்வியை நான் ஓர் ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பி.காம். சார்" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"வெளில சொல்லிக்காதீங்க" என்றார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய 2,85,000 ரூபாய் அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. மாட்டிவிட்ட புண்ணியவான் அடியேன். காரணம், மேலே கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனது.

அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இங்கிலீஷில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு இருக்கிற சொந்தபந்தங்களை வரிசையாக நிற்கவைத்து அறிமுகம் செய்துவிடுகிறேன். ஜீரோ, நில், நாட், நல், நன், நத்திங், லவ், டக், ஓ... ஒன்றுமே இல்லாத சமாசாரத்துக்கு இத்தனை பெயர்! ஏகப்பட்டது இருக்கிற பணக்காரனுக்குக்கூட ஒரே பெயர்தான்.

*

முதலில் குலம், கோத்திரம். சுருக்கமாக முடித்துவிடுகிறேன், பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று விதிமுறை எழுதிவைத்தவர் பிரம்மகுப்தர். வருஷம் கி.பி. 628. நம்முடைய 'சூன்யம்' அரபு தேசத்துக்குப் போய் 'சிஃப்ர்' ஆனது. காலி என்று அர்த்தம். அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பலேறியது. 1202ல் ஃபிபனாச்சி தன் கணக்குப் புத்தகத்தில் அதை 'ஸெஃபிரம்' என்று லத்தீன்படுத்தினார். அது தேய்ந்து, சுருங்கி, பிரான்ஸ் வழியாக 'ஜீரோ' என்று இங்கிலீஷுக்குள் நுழைந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 'சிஃப்ர்' இன்னொரு வழியிலும் இங்கிலீஷுக்கு வந்து 'சைபர்' ஆகிவிட்டது. பழைய சினிமாவில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன அண்ணன் தம்பி மாதிரி, ஜீரோவும் சைபரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலீஷ்காரர்கள் சைபரை ரகசிய எழுத்து வேலைக்கு அனுப்பிவிட்டு ஜீரோவைக் கணக்குக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் சைபரை விடவில்லை. "கணக்குல சைபர் வாங்கிட்டு வந்திருக்கான் உங்க புள்ள" என்று என் அம்மா என் அப்பாவிடம் ரிப்போர்ட் செய்தது அந்தச் சைபர்தான். (சைபர் கிரைம் போலீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சைபர் கப்பல் மாலுமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் கணக்கில் முட்டை வாங்கியவர்களைப் பிடிக்க மாட்டார்கள்.)

நம் பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து இருந்ததால் பக்கத்தில் சுழி போடவேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் சேர்ந்துகொண்ட 'பூஜ்யம்' என்ற வார்த்தைக்கு வடமொழியில் 'வணங்கத்தக்கது' என்று பொருள். கணக்கு வாத்தியார் என் பரீட்சைப் பேப்பரில் எத்தனையோ முறை வணங்கத்தக்கதைப் போட்டிருக்கிறார். நான்தான் பிரம்படி என்று தப்பாக எடுத்துக்கொண்டேன்.

*

குடும்பத்தில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை.

'நில்' ஆபீஸ் குமாஸ்தா. லத்தீன் 'நிஹில்' என்பதன் சுருக்கம். ஃபாரத்தில் வரும், ரிப்போர்ட்டில் வரும், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும். வீட்டுப் பேச்சில் வராது. "என்கிட்ட நில் மணி இருக்கு" என்று எந்த இங்கிலீஷ்காரரும் சொல்லமாட்டார். "நோ மணி" என்பார். அமெரிக்க வாலிபராக இருந்தால் அழுத்தம் கொடுத்து "ஜீரோ மணி" என்பார். கையில் காசில்லை என்பது மூவருக்கும் பொது.

கால்பந்தில் பிரிட்டிஷ்காரர் 'டூ நில்' என்பார். அமெரிக்கர் 'டூ நத்திங்' என்பார். டென்னிஸில் அதே சைபர் 'லவ்' ஆகிவிடும். பிரெஞ்சில் முட்டைக்கு 'லஃப்' என்பதால் அப்படி ஆனது என்று ஒரு கதை. பணயம் இல்லாமல் அன்புக்காக ஆடுவதால் வந்தது என்று இன்னொரு கதை. காதலித்துக் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய என் அறைத்தோழன் முதல் கதை, இரண்டாம் கதை இரண்டையும் நம்புகிறான்.

'நாட்' பழைய பிரிட்டிஷ் பெரியவர். புள்ளி ஐந்தை 'நாட் பாயின்ட் ஃபைவ்' என்பார். இவருடைய இன்னொரு எழுத்து வடிவத்திலிருந்துதான் 'நாட்டி' பிறந்தது. முதலில் 'ஒன்றும் இல்லாதவன்' என்று அர்த்தம். அப்புறம் 'கெட்டவன்'. கடைசியில் 'குறும்புக்காரப் பயல்'. ஏழையாக இருந்தால் முதலில் கெட்டவன் பட்டம் கிடைக்கும் என்பது இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

டெலிபோன் நம்பரில் வருகிற சைபர் 'ஓ'. ஜேம்ஸ் பாண்டை 'டபிள் ஜீரோ செவன்' என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஏதோ ரயில்வே பார்சல் நம்பர் மாதிரி இருக்கும்.

'நன்', 'நத்திங்' இரண்டிலும் நம் ஆட்கள் அடிக்கடி வழுக்கி விழுவார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேள்வி 'எத்தனை', 'எவ்வளவு' என்றால் பதில் 'நன்'. கேள்வி 'என்ன' என்றால் பதில் 'நத்திங்'. கேள்வி 'யார்' என்றால் 'நோபடி'. டிபன் பாக்ஸில் எத்தனை இட்லி பாக்கி? நன். என்ன சாப்பிட்டாய்? நத்திங். யார் என் இட்லியைத் தின்றது? நோபடி. ஆபீஸ் கேன்டீனில் தினம் நடக்கிற சம்பாஷணை இது.

இன்னொரு குட்டி விஷயம். இங்கிலீஷில் ஜீரோவுக்குப் பின்னால் பன்மை வரும். ஒன் மார்க், டூ மார்க்ஸ், ஜீரோ மார்க்ஸ்! ஒன்று வாங்கினால் ஒருமை, ஒன்றுமே வாங்காவிட்டால் பன்மை மரியாதை.

*

இதுவரை சொன்னது எல்லாம் சும்மா வார்த்தை விளையாட்டு. இனிமேல்தான் வில்லன் வருகிறான். அவனுக்குப் பெயரே கிடையாது. அவன்தான் காலிக் கட்டம்!

ஃபாரத்தில் ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம்? 'இல்லை' என்றா? கிடையாது. 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்று அர்த்தம். மறந்துபோயிருக்கலாம், மறைத்திருக்கலாம், பேனாவில் மை தீர்ந்திருக்கலாம். 'நில்' என்று எழுதினால், 'நான் பார்த்தேன், தேடினேன், இல்லை. இது என் வாக்குமூலம்' என்று அர்த்தம். கீழே உங்கள் கையெழுத்து வேறு இருக்கிறது.

'என்.ஏ.' என்று ஒன்று எழுதுவோமே, அது வேறு ஜாதி. 'எனக்குப் பொருந்தாது' என்று பொருள். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, 'உங்கள் மீதுள்ள கிரிமினல் வழக்குகள்' என்ற கட்டத்தில் 'நில்' என்று எழுதினால் நல்ல பிள்ளை. 'என்.ஏ.' என்று எழுதினால், 'சட்டம் எனக்குப் பொருந்தாது' என்று நெஞ்சை நிமிர்த்துகிற தாதா! நான் முதல் வேலைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். இன்டர்வியூவில் அந்த மேனேஜர் கடைசிவரை என்னை 'சார்' போட்டுப் பேசியதன் காரணம் பிறகுதான் புரிந்தது.

காலிக்கும் சைபருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் டான் பிராட்மேனைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

1948 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். பிராட்மேனின் கடைசி டெஸ்ட். 4 ரன் எடுத்தால் போதும், வாழ்நாள் சராசரி முழுசாக 100. எரிக் ஹாலிஸ் போட்ட இரண்டாவது பந்தில் பவுல்டு. டக்! அதாவது வாத்து முட்டை. நாம் வெறும் முட்டை என்கிறோம், இங்கிலீஷ்காரர்கள் எந்தப் பறவை என்பது வரை விசாரித்திருக்கிறார்கள். சராசரி 99.94ல் நின்றுவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மொத்தம் 6996 ரன், 70 முறை அவுட். அன்றைக்கு அவர் வயிற்றுவலி என்று மட்டையையே தொடாமல் இருந்திருந்தால் 69 முறைதான் அவுட். 6996ஐ 69ஆல் வகுங்கள், 101.39 வரும்! 'ஆடவில்லை' என்றால் அது காலிக் கட்டம், சராசரியைத் தொடாது. 'ஆடினார், சைபர்' என்றால் அது ஓர் எண், சராசரியைப் பிடித்து இழுக்கும். ரன் இரண்டிலும் ஒன்றுதான். விளைவு வேறு.

கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட்டும் இதையேதான் செய்கிறது. சராசரி போடச் சொன்னால் காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது, 0 போட்ட கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். 60 மார்க், 90 மார்க், மூன்றாவது பரீட்சைக்கு வரவில்லை. காலியாக விட்டால் சராசரி 75. அங்கே ஒரு சைபரைத் தட்டினால் 50. நீங்கள் லீவில் இருந்த மாதத்தின் விற்பனைக் கட்டத்தில் யாராவது 'அழகுக்காக' 0 போட்டுவைத்தால், உங்கள் இன்க்ரிமென்ட் காணாமல் போனதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம், ஷீட்டைப் பாருங்கள்.

*

காலியை நில் என்றும், நில்லைக் காலி என்றும் எடுத்துக்கொண்டால் என்னென்ன ஆகும்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு ஆசையாக 'நல்' என்று நம்பர் பிளேட் வாங்கினார். கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் 'நல்' என்றால் 'இங்கே தகவல் இல்லை'. ஒருவேளை அபராதச் சீட்டு வந்தாலும் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று குறும்பு. நடந்தது தலைகீழ். போலீஸார் வண்டி நம்பர் எழுதாமல் விட்ட அபராதச் சீட்டெல்லாம், 'நம்பர்: நல்' என்று பதிவாகி, இவர் வீட்டு வாசலில் வந்து இறங்கின. யார் யாரோ எங்கெங்கோ நிறுத்திய வண்டிகளுக்கு 12,000 டாலருக்கு மேல் பில்! 2019ல் இது உலகம் பூரா செய்தி. 'நல்' என்ற இந்தச் சமாசாரத்தை 1965ல் ஒரு கம்ப்யூட்டர் மொழிக்குள் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 2009ல் அவரே அதை 'நூறு கோடி டாலர் தப்பு' என்று ஒப்புக்கொண்டார்.

(தமிழில் 'நல்' என்றால் நல்லது. இங்கிலீஷில் ஒப்பந்தத்தின் மேல் 'நல் அண்ட் வாய்ட்' என்று எழுதிவிட்டால் அது செல்லாக்காசு. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் கவனிக்க.)

அவ்வளவு தூரம் போவானேன்? மனை வாங்கும்போது சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று எடுக்கிறோம். பதிவு இருந்தால் படிவம் 15, இல்லாவிட்டால் படிவம் 16. இந்தப் பதினாறுதான் 'நில் வில்லங்கம்'. என் உறவினர் ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு, "நில்லுன்னு கவர்ன்மென்டே சீல் அடிச்சுக் குடுத்துட்டான், இனி எவன் கேட்பான்?" என்று துள்ளினார். அவர் மனு போட்டது 13 வருஷத்துக்கு. அந்த நில் சொல்வது என்ன? 'நீ கேட்ட இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிவரை, எங்களிடம் பதிவான பத்திரங்களில் தேடினோம், இல்லை.' அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷத்து அடமானம், பதிவே செய்யாத ஒப்பந்தம், மூத்த தாரத்துப் பிள்ளையின் பங்கு எல்லாம் காலிக் கட்டம். யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை, வக்கீல் ஒருவர் 30 வருஷத்துக்குத் தேடச் சொன்னார். முந்தின காலத்தில் ஓர் அடமானம் மீட்கப்படாமல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஆக, நில் என்ற வார்த்தையைப் பார்த்தால் தமிழ் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நில்! யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள், எந்தத் தேதிவரை பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் நகரவும்.

*

சரி, அந்த 2,85,000 ரூபாய்க்கு வருவோம்.

நண்பனுக்குக் கரூரில் பன்னிரண்டு தறி. சமையலறைத் துண்டு, மேஜை விரிப்பு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறான். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்தச் சமயம் எழுத்தில் எனக்கு வந்துகொண்டிருந்த வருமானம், மேற்படி வார்த்தைகளில் எதைப் போட்டாலும் பொருந்தும். "மாப்ளே, நீ பி.காம். தானே? நம்ம ரிட்டர்னை நீயே போட்ரு. வெளி ஆளுக்குக் குடுக்கறதை உனக்குக் குடுக்கறேன்" என்றான். ஒப்புக்கொண்டேன்.

மாத ரிட்டர்னில், விற்பனைக்குக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். 3.1ல் 'பி' என்ற கட்டம், ஜீரோ ரேட்டட். 'சி' என்ற கட்டம், நில் ரேட்டட் மற்றும் வரிவிலக்கு. ஏற்றுமதிக்கு நண்பன் வரி கட்டவில்லை. வரி எவ்வளவு? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால்? நில்! தூக்கி 'சி'யில் போட்டேன். ஒரு மாதம் இல்லை, எட்டு மாதம் போட்டேன். கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஆடிட்டர் பின்னால் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

2021ல் நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, கண்டக்டர் காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? காசே இல்லை, பிறகு டிக்கெட் எதற்கு? எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கு இருந்தால்தான் அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு அந்தப் பணத்தை ஈடுகட்டும். இது ஜீரோ டிக்கெட். ஆள் கணக்குக்குள் இருக்கிறார், கட்டணம் மட்டும் சைபர். மடியில் உட்கார்ந்து வரும் கைக்குழந்தைக்கும் காசில்லை. ஆனால் அதற்கு டிக்கெட்டே கிடையாது. அது கணக்குக்கு வெளியே. அதன் பேரில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமுடியாது.

ஏற்றுமதி, ஜீரோ டிக்கெட். சரக்கு வரிச் சங்கிலிக்குள்தான் இருக்கிறது, அதன் விகிதம் மட்டும் சைபர். அதனால் நண்பன் பருத்தி நூல் வாங்கும்போது கட்டிய 5 சதவிகிதம், அட்டைப்பெட்டிக்கும் லாரிக்கும் கட்டியது எல்லாவற்றையும் 'திருப்பிக் கொடு' என்று கேட்கலாம். நம் நாட்டு வரியை நம் துண்டோடு சேர்த்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். பால், பச்சைக் காய்கறி விற்பவர் கைக்குழந்தை. விற்கும்போது வரி இல்லை, வாங்கிய சாமான்களுக்குக் கட்டிய வரியும் திரும்பி வராது. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது.

நான் என்ன செய்தேன்? டிக்கெட் எடுத்த நண்பனைக் கைக்குழந்தையாக்கி மடியில் உட்காரவைத்துவிட்டேன்!

அவன் ரீஃபண்ட் கேட்டு விண்ணப்பித்தான். ஜீரோ ரேட்டட் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அதாவது காகிதப்படி என் நண்பன் ஒரு கைக்குட்டைகூட ஏற்றுமதி செய்யவில்லை. தூத்துக்குடியில் கப்பலேறின துண்டெல்லாம் என் புண்ணியத்தில் மாயமாகிவிட்டன. அந்த ரிட்டர்னை ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் திரும்ப எடுத்துத் திருத்த முடியாது. அடுத்தடுத்த மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் கழித்து போனில், "ரீஃபண்ட் வந்துச்சா மாப்ளே?" என்றேன்.

"வரும் வரும்."

"ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணுமில்ல" என்றான்.

அந்த 'ஒண்ணுமில்ல'வை நான் 'நில்' என்று எடுத்துக்கொண்டேன். விசாரித்தாயிற்று, பிரச்னை இல்லை, முடிந்தது என்று போனை வைத்துவிட்டு ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதப் போய்விட்டேன். தீபாவளிக்கு நேரில் போனபோது அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தங்கக் கொடியைக் காணோம். தறிக்காரர்களுக்கு போனஸ் கொடுக்க அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. நூல் கடைக்காரர் கடனுக்கு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டில் நான்கு தறி சத்தமில்லாமல் நின்றிருந்தது.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவ. பாவம், நீ நல்லாத்தான் பண்ணின" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள்தான் அந்த ஆடிட்டரிடம் போய், முதல் வரியில் எழுதிய கேள்வியைக் கேட்டேன். திட்டினாலும் மனிதர் தங்கம். எட்டு மாத ரிட்டர்னையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு தொகைக்கும் ஷிப்பிங் பில் நகல் கோத்து, 'சி'யில் இருப்பது உண்மையில் 'பி'யைச் சேர்ந்தது என்று விளக்கக் கடிதம் எழுதி, அடுத்த மாதக் கணக்கில் சரிக்கட்டி, என்னையே வரி ஆபீஸுக்கு நடக்கவிட்டார். நான் ஐந்து மாதம் நடந்தேன். அங்கிருந்த அதிகாரி மூன்றாவது தடவை என்னைப் பார்த்தபோது, "நில்லு சார் வந்துட்டார்" என்று சிரித்தார். பங்குனியில் பணம் வந்தது. 2,85,000 ரூபாயும் வந்தது. அன்று சாயந்திரமே அவன் நேராக அடகுக் கடைக்குப் போனான். நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டேன். உள்ளே வரத் தைரியம் இல்லை.

*

உங்களுக்கு இதனால் தெரிவிப்பது என்னவென்றால்...

கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். பார்த்து இல்லை என்று தெரிந்தால் நில் எழுதுங்கள். எண்ணிப் பார்த்து எண்ணே சைபர் என்றால் 0 போடுங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி என்றால் மட்டும் என்.ஏ. எழுதுங்கள், அதையும் சுருக்காமல் 'பொருந்தாது' என்று முழுசாக எழுதினால் நல்லது. எதுவும் தெரியாவிட்டால், எழுதுவதற்கு முன் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் 'நில் ரிட்டர்ன்' தாக்கல் செய்தே ஆகவேண்டும். 'வித்தாத்தானே கணக்கு?' என்று சும்மா இருந்தால், அந்தச் சும்மாவுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். 2021லிருந்து அது ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாயைத் தாண்டாது என்பது ஓர் ஆறுதல். 2020 ஜூனிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பியே இந்த நில்லைத் தாக்கல் செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஒன்றுமில்லை என்பதையும் வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்று அரசாங்கமே எதிர்பார்க்கிறது.

அது நண்பர்களுக்கும் பொருந்தும். யாராவது 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால் சட்டென்று நில் என்று முடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது எழுதாமல் விட்ட கட்டம். இன்னொரு தடவை கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பணம் வந்த வாரம் நண்பன் தன் நோட்டில் வருஷக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தான். என் பெயருக்கு நேரே, சம்பள பாக்கி என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான். அப்புறம் பெரிசாக 'நில்' என்று எழுதினான். நியாயம்தான். அந்த எட்டு மாதத்துக்கு என்னிடம் அவன் அபராதம் கேட்காததே பெரிசு.

இருந்தாலும் பி.காம். ஆயிற்றே. மெதுவாகச் சொன்னேன்:

"அதை ஜீரோன்னு மாத்திப் போடேன் மாப்ளே. ரீஃபண்டாவது கேட்கலாம்."